பேட்டில்ஷிப் பொட்டெம்கின்: யாருக்கு முகம், யாருக்கு இல்லை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செர்கேய் ஐசன்ஸ்டீன் 1925-இல் எடுத்த இந்த மௌனப் படத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் படிக்கட்டு, தள்ளுவண்டி, மாண்டேஜ் (ஷாட்களை மோதவிட்டு ஒட்டும் எடிட்டிங் உத்தி) என்ற மூன்றோடு முடிந்துவிடுகிறது. அரசியலைக் கேட்டால் 'கம்யூனிசப் பிரசாரம்' என்று ஒரே வார்த்தையில் பதில் வரும். அந்த வார்த்தை தப்பில்லை, ஆனால் அது எதையும் விளக்குவதில்லை. படம் யாரை எப்படிக் காட்டுகிறது, யாரைக் காட்டாமல் விடுகிறது என்பதை ஒட்டித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லப் பார்க்கிறேன். கதை முழுக்கச் சொல்லப்படும், பார்க்காதவர்கள் கவனிக்கவும்.

கதை என்ன? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

1905-ஆம் வருஷம், கருங்கடலில் ஜார் மன்னனின் போர்க்கப்பல் ஒன்று. மாலுமிகளின் சாப்பாட்டுக்கு வைத்திருக்கும் இறைச்சியில் புழு நெளிகிறது. கப்பல் டாக்டர் வந்து பார்த்துவிட்டு உப்புத் தண்ணீரில் கழுவினால் போதும் என்கிறார். மாலுமிகள் சூப்பைத் தொட மறுக்கிறார்கள். கேப்டன் எல்லோரையும் மேல்தளத்துக்கு வரவழைக்கிறார், ஒரு கூட்டத்தைத் தார்ப்பாயால் மூடிச் சுட உத்தரவாகிறது, காவல் சிப்பாய்கள் சுட மறுக்க, கலகம் வெடிக்கிறது. கலகத்தைத் தூண்டிய வகுலின்சுக் என்ற மாலுமி அதில் சாகிறான். அவன் உடல் ஒடெஸா துறைமுகத்தில் வைக்கப்பட, ஊரே திரண்டு வருகிறது. அப்புறம் படிக்கட்டுப் படுகொலை. கடைசியில் அரசின் கப்பற்படை முழுவதும் பொட்டெம்கினை நோக்கி வருகிறது, ஆனால் ஒரு குண்டுகூட வெடிக்கவில்லை, அந்தக் கப்பல்களில் இருந்த மாலுமிகள் கையசைத்து வழிவிடுகிறார்கள். ஐந்து பாகம், ஒன்றேகால் மணி நேரம்.

இதை யார் எடுக்கச் சொன்னது?

சோவியத் அரசுதான். 1905 புரட்சியின் இருபதாம் ஆண்டு விழாவுக்காக ஒரு படம் வேண்டும் என்று விழாக்குழு கேட்டது. நினா அகட்ஜனோவா எழுதிய திரைக்கதை அந்த வருஷம் முழுவதையும் தழுவியது, அதில் பொட்டெம்கின் கலகம் சில பக்கங்கள்தான். லெனின்கிராடில் படப்பிடிப்பு ஆரம்பித்தபோது வானிலை கெட்டுப்போக, குழு தெற்கே ஒடெஸாவுக்குப் போனது. அங்கே அந்தச் சின்ன அத்தியாயமே முழுப் படமாக வளர்ந்துவிட்டது. ஒளிப்பதிவு எட்வர்ட் திஸ்ஸே. உண்மையான பொட்டெம்கின் அப்போது படம் எடுக்கும் நிலையில் இல்லை என்பதால் 'பன்னிரண்டு அப்போஸ்தலர்கள்' என்ற பழைய போர்க்கப்பலில் பெரும்பகுதியை எடுத்தார்கள். 1925 டிசம்பர் 21 அன்று மாஸ்கோ போல்ஷாய் தியேட்டரில் முதல் காட்சி. ஐசன்ஸ்டீனுக்கு அப்போது வயது 27, இது அவருடைய இரண்டாவது முழுநீளப் படம்.

அரசு பணத்தில், அரசு விழாவுக்காக எடுத்தது என்றால் பிரசாரப் படம்தானே?

ஆமாம், எடுத்தவரும் அதை மறைக்கவில்லை. பார்க்கிறவன் மூளையிலும் நரம்பிலும் ஓர் அடி விழ வேண்டும், அதற்குத்தான் சினிமா என்று வெளிப்படையாக எழுதியவர் அவர். சமகாலத்து இயக்குநர் ஜிகா வெர்தோவ் கேமராவைக் கண்ணாகப் பார்த்தார், ஐசன்ஸ்டீன் நமக்கு வேண்டியது கண் இல்லை, முஷ்டி என்று பதில் கொடுத்தார்.

ஆனால் பிரசாரம் என்று பெயர் வைத்துவிட்டால் படத்தைப் படித்து முடித்ததாக அர்த்தமில்லை. கவனித்துப் பாருங்கள், படத்தில் கட்சி எங்கே? வகுலின்சுக்கும் அவன் தோழனான மாலுமி மத்யுஷென்கோவும் ஆரம்பத்தில் தொழிலாளர்களோடு சேர வேண்டும் என்று பேசிக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். பின்னால் ஆட்சியைப் பிடித்த போல்ஷெவிக் கட்சியின் தலைவர் யாரும் வந்து பாதை காட்டவில்லை, மத்தியக் குழுவின் தீர்மானம் வாசிக்கப்படவில்லை. லெனின் உருவமே கிடையாது. பத்து வருஷம் கழித்து ஸ்டாலின் காலத்தில் வந்த படங்களில், கலகக்காரன் தட்டுத்தடுமாறி நிற்கும்போது தோளில் கை வைத்து நேர்வழி சொல்லும் கட்சிக்காரர் ஒருவர் கட்டாயம் இருப்பார். இதில் அந்தப் பாத்திரம் இல்லை. கோபம் கீழேயிருந்து, புழுத்த இறைச்சியிலிருந்து கிளம்புகிறது. அதனால்தான் இந்தப் படம் கம்யூனிஸ்டுகளைத் தாண்டியும் ஆட்களைத் தொட்டது என்று நினைக்கிறேன்.

கதாநாயகனே இல்லையே? வகுலின்சுக் பாதியிலேயே செத்துப்போகிறானே?

வேண்டுமென்றே செய்தது. தனிமனிதன் வரலாற்றைத் திருப்புவதில்லை, மக்கள் கூட்டம்தான் திருப்புகிறது என்பது அவர்கள் நம்பிக்கை. அதனால் ஐந்து பாகத்தில் இரண்டாவது முடிவதற்குள் வகுலின்சுக்கைக் கொன்றுவிடுகிறார் இயக்குநர். செத்தபிறகுதான் அவனுக்கு மதிப்பு கூடுகிறது. துறைமுகக் கரையில் சின்னக் கூடாரம், கையில் மெழுகுவத்தி, மார்பில் 'ஒரு கரண்டி சூப்புக்காக' என்று எழுதிய சீட்டு. அடுத்தடுத்த காட்சிகளில் முதலில் இரண்டு மூன்று பேர், அப்புறம் படிகளில் இறங்கும் வரிசை, அப்புறம் கடலுக்குள் நீளும் கல்பாலம் முழுக்கத் தலைகள்.

நடிகர் தேர்விலும் இதே கொள்கைதான். முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் இவன் எந்த வர்க்கம், என்ன வேலை, என்ன குணம் என்று தெரிந்துவிட வேண்டும். அதற்காகத் தொழில்முறை நடிகர்களைக் குறைத்து, தெருவில் கிடைத்த ஆட்களைப் பிடித்தார்கள். கேப்டன் வேடத்துக்கு விளாதிமிர் பார்ஸ்கி என்ற நடிகர்-இயக்குநர், வகுலின்சுக்காக அலெக்சாண்டர் அந்தோனோவ், கொடூரமான அதிகாரி கிலியரோவ்ஸ்கியாக உதவி இயக்குநர் கிரிகோரி அலெக்சாந்த்ரோவ் என்று சிலர் தவிர, பலர் வெறும் முகங்கள். இதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. முகத்தைப் பார்த்து வர்க்கத்தைச் சொல்லலாம் என்றால், முகத்தைப் பார்த்து எதிரியையும் சொல்லிவிடலாம் என்றாகிறது. கொழுத்த முகம் கெட்டவன், ஒட்டிய கன்னம் நல்லவன். இது எனக்குப் பிடிக்காத பகுதி, படத்தை எவ்வளவு நேசித்தாலும்.

சரி, படத்தின் அரசியல் உண்மையில் எங்கே இருக்கிறது என்கிறீர்கள்?

யாருக்கு முகம் கொடுக்கிறார்கள், யாருக்குக் கொடுக்கவில்லை என்பதில் இருக்கிறது.

ஒரே சம்பவம் படத்தில் மூன்று தடவை நடக்கிறது. ஆயுதம் ஏந்தியவர்கள் வரிசையில் நிற்கிறார்கள், எதிரே நிராயுதபாணிகளோ கலகக்காரர்களோ நிற்கிறார்கள், சுடு என்று மேலே இருந்து உத்தரவு வருகிறது. முதல் தடவை கப்பல் மேல்தளத்தில். காவல் சிப்பாய்கள் துப்பாக்கியை உயர்த்தியாயிற்று, தார்ப்பாய்க்கு அடியில் மண்டியிட்ட உருவங்கள் நடுங்குகின்றன. வகுலின்சுக் கத்துகிறான்: "சகோதரர்களே! யாரைச் சுடுகிறீர்கள்?" உடனே கேமரா சிப்பாய்களின் முகத்துக்குப் போகிறது. ஒருவன் கண் அலைகிறது, இன்னொருவன் துப்பாக்கிமுனை தாழ்கிறது. முகம் தெரிகிறது, மனசு தெரிகிறது, துப்பாக்கி இறங்குகிறது.

மூன்றாவது தடவை கடைசியில். எதிரில் கப்பற்படையே வருகிறது. பீரங்கிக் குழல்கள் மெதுவாக உயர்கின்றன. 'எங்களோடு சேருங்கள்' என்று பொட்டெம்கின் கொடியசைக்கிறது. இழுத்து இழுத்து, தாங்கமுடியாத அளவுக்கு நீட்டிவிட்டு, திரையில் ஒரே சொல்: "சகோதரர்களே!" அந்தப் பக்க மாலுமிகள் தொப்பியை வீசுகிறார்கள்.

நடுவில் இருப்பதுதான் படிக்கட்டு. அங்கே மட்டும் சிப்பாய்களுக்கு முகமே இல்லை. பூட்ஸ் தெரிகிறது, துப்பாக்கிக் கத்தி தெரிகிறது, படியில் விழும் நீண்ட நிழல்கள் தெரிகின்றன, முதுகுகள் தெரிகின்றன. ஒரே தாளத்தில் ஒரு வரிசை இறங்கிக்கொண்டே இருக்கிறது. சுடப்பட்ட மகனைக் கையில் ஏந்திக்கொண்டு ஒரு தாய் அந்த வரிசையை எதிர்த்து மேலே ஏறுகிறாள். சுடாதீர்கள், பிள்ளைக்கு ரொம்ப உடம்பு சரியில்லை என்கிறாள். வகுலின்சுக் கேட்டதும் இதுதான், ஆனால் இங்கே கேட்பதற்கு முகம் இல்லை, சுட்டுவிடுகிறார்கள்.

கவனிக்க வேண்டியது இதுதான்: படிக்கட்டில் இறங்கிய சிப்பாய்களும் குடியானவர் வீட்டுப் பிள்ளைகள்தான். கப்பலில் துப்பாக்கியைத் தாழ்த்தியவர்களுக்கும் இவர்களுக்கும் வர்க்கத்தில் ஒரு வித்தியாசமும் கிடையாது. அப்படியிருக்க ஒருவனுக்கு மனசாட்சியைக் கொடுத்து இன்னொருவனை இயந்திரமாக்குவது இயக்குநரின் முடிவு. நீ வரிசையில் இருக்கும்வரை இயந்திரம், வரிசையை விட்டு வந்தால் சகோதரன் என்று படம் சிப்பாயிடம் சொல்கிறது. பல நாடுகள் இந்தப் படத்தைத் தங்கள் ராணுவத்திடமிருந்து ஒளித்துவைக்கப் பார்த்ததற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டியதில்லை.

படிக்கட்டில் சாகிறவர்களில் தொழிலாளிகளே அதிகம் இல்லையே? நல்ல உடையில் வந்தவர்கள்தானே நிறைய?

சரியாகப் பார்த்திருக்கிறீர்கள். வெள்ளைக் குடை பிடித்த சீமாட்டி, கண்ணாடி போட்ட மாணவன், ஆசிரியை மாதிரித் தெரியும் வயதான பெண்மணி, தள்ளுவண்டியோடு வந்த இளந்தாய், கால் இல்லாத ஒருவர், கூடவே ஏழைகள். படுகொலைக்கு முன்பு இவர்கள் எல்லோரும் சேர்ந்து கப்பலைப் பார்த்துக் கையசைக்கிறார்கள், படகுகளில் சாப்பாடு அனுப்புகிறார்கள். தொழிலாளி, நடுத்தர வர்க்கம், கொஞ்சம் வசதியானவர்கள் என்று எல்லோரையும் ஜாருக்கு எதிராக ஒரே பக்கத்தில் நிறுத்துகிறது படம். 1905 உண்மையிலேயே அப்படி ஆரம்பித்த புரட்சிதான்.

ஆனால் அந்த நடுத்தர வர்க்கத்தைப் படம் முழுசாக நம்பவில்லை. இங்கே ஒரு சின்னப் பொருளைப் பின்தொடர்ந்து போகலாம்: காதில் மாட்டாமல் மூக்கைக் கவ்விக்கொள்ளும் கண்ணாடி. அந்தக் காலத்தில் படித்தவர்களின் அடையாளம். முதல் பாகத்தில் டாக்டர் அதைக் கழற்றி, இரண்டு வில்லையையும் ஒன்றன்மேல் ஒன்றாக மடித்து, பூதக்கண்ணாடி மாதிரிப் பிடித்து இறைச்சியைப் பார்க்கிறார். திரை முழுக்கப் புழு நெளிகிறது. இரண்டு மடங்கு பெரிதாகப் பார்த்துவிட்டு இது புழு இல்லை என்கிறார். கலகத்தில் அவரைக் கடலில் தூக்கிப்போட்டபிறகு அந்தக் கண்ணாடி மட்டும் கப்பல் கயிற்றில் மாட்டி ஆடிக்கொண்டிருக்கும்.

படிக்கட்டில் அதே மாதிரிக் கண்ணாடி, இந்தத் தடவை ஆசிரியை மூக்கில். அவள் நல்லவள். சிதறி ஒளிந்திருப்பவர்களைப் பார்த்து, வாருங்கள், போய்க் கெஞ்சிக் கேட்போம் என்கிறாள். சின்னக் கூட்டம் ஒன்று அவளோடு எழுந்து கைநீட்டிக்கொண்டு படியேறுகிறது, குண்டு பாய்கிறது. அந்த வருஷம் ஜனவரியில் பாதிரியார் கபோன் தலைமையில் பீட்டர்ஸ்பர்க் தொழிலாளர்கள் மனு எடுத்துக்கொண்டு ஜார் அரண்மனைக்குப் போய்ச் சுடப்பட்டார்கள், அந்த ரத்த ஞாயிற்றுக்கிழமைதான் 1905-ஐத் தொடங்கிவைத்தது. ஆசிரியையின் அந்தச் சில வினாடிகளில் அதுவே திரும்ப நடக்கிறது. கடைசியில் ஜாரின் குதிரைப்படையான கோசாக்குகளில் ஒருவன் வாளை ஓங்குகிறான், கேமராவைப் பார்த்தே வீசுகிறான். வெட்டு விழுவதை நாம் பார்ப்பதில்லை. அடுத்த ஷாட்டில் கண்ணாடி உடைந்து, ஒரு கண்ணிலிருந்து ரத்தம் வழிய, வாய் திறந்தபடி ஆசிரியை.

மனு கொடுத்து நியாயம் வாங்கலாம் என்ற நம்பிக்கைக்குப் படம் கொடுக்கும் பதில் அது. இந்த முடிவோடு நீங்கள் ஒத்துப்போக வேண்டியதில்லை. ஆனால் அவளைக் கேலி செய்யவில்லை என்பதைப் பாருங்கள். டாக்டர் பார்த்தும் மறுத்தவர், இவள் பார்க்காமல் நம்பியவள். இருவரையும் படம் ஒரே தட்டில் வைக்கவில்லை.

பெண்களை எப்படிக் காட்டுகிறது?

இது படத்தின் பலவீனமான பக்கம். கப்பலில் பெண்களே கிடையாது, அது இயல்பு. துறைமுகத்தில் வகுலின்சுக்கின் உடலருகே ஒரு பெண் ஆவேசமாகப் பேசுகிறாள், கூட்டம் கேட்கிறது. அது ஒன்றுதான் விதிவிலக்கு. மற்றபடி பெண் என்றால் தாய், அழுகிறவள், சாகிறவள். தள்ளுவண்டித் தாய் வயிற்றில் குண்டு பாய்ந்து, வெள்ளைக் கையுறை போட்ட கைகளால் இடுப்புப் பட்டையின் கொளுக்கியைப் பிடித்துக்கொள்ள, விரல்களுக்கிடையே ரத்தம் கசிகிறது. அவள் சாயும்போது முதுகு பட்டுத்தான் வண்டி உருள ஆரம்பிக்கிறது. அபாரமான காட்சி, சந்தேகமில்லை. ஆனால் ஆண்கள் கோபப்பட்டு வரலாற்றை நகர்த்த, பெண்கள் அந்தக் கோபத்துக்குக் காரணமாகச் சாகிறார்கள் என்ற அமைப்பு அதில் இருக்கிறது. அதே 1905-இல் வேலைநிறுத்தங்களில் பெண் தொழிலாளர்கள் முன்னால் நின்றவர்கள்தான், படத்தின் திரைக்கதையை எழுதியவரே பழைய புரட்சிக்காரப் பெண்மணிதான்.

பாதிரியார் ஏன் அவ்வளவு பயங்கரமாக வருகிறார்?

மதம் ஆளும் வர்க்கத்தின் கருவி என்பது கட்சியின் நிலைப்பாடு, படம் அதை அப்படியே எடுத்துக்கொள்கிறது. கலைந்த தலைமுடியும் புகைமூட்டமுமாகத் தோன்றி, சுடப்போகிறவர்களுக்கு ஆசி வழங்குகிறார். கையிலிருக்கும் சிலுவையை உள்ளங்கையில் தட்டிக்கொண்டே இருப்பார், அடியாள் தடியைத் தட்டுவதுபோல. பிறகு அது கீழே விழுந்து, கோடாலி மாதிரி மரத்தளத்தில் குத்தி நிற்கும். இதைவிட நுட்பமானது முதல் பாகத்தின் கடைசி. அதிகாரிகளின் தட்டைக் கழுவிக்கொண்டிருக்கும் இளம் மாலுமி, தட்டின் விளிம்பில் எழுதியிருப்பதை எழுத்துக்கூட்டிப் படிக்கிறான்: எங்கள் அன்றாட ஆகாரத்தை எங்களுக்கு இன்று தாரும். கர்த்தருடைய ஜெபம். தனக்குப் புழுத்த இறைச்சி, இவர்கள் தட்டில் இந்த வாசகம். தட்டை ஓங்கி அடித்து உடைக்கிறான். அந்த ஒரு அசைவைப் பல கோணத்தில் துண்டுதுண்டாக வெட்டி, கை இரண்டு முறை வீசுவதுபோல ஒட்டியிருக்கிறார் ஐசன்ஸ்டீன். கப்பலில் நடக்கும் முதல் கலகம் அதுதான், அதைப் பார்க்க அங்கே கூட்டமில்லை.

யூதர்களைப் பற்றி ஒரு வசனம் வருகிறதே, அது என்ன?

துறைமுக அஞ்சலிக் கூட்டத்தில், வைக்கோல் தொப்பி வைத்த வசதியான ஆள் ஒருவன் இளித்துக்கொண்டே யூதர்களை அடியுங்கள் என்கிறான். சுற்றியிருந்தவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி அவனைப் பார்க்கிறார்கள், அவன் சிரிப்பு கரைகிறது, அப்புறம் கூட்டம் அவனை அமுக்கிவிடுகிறது. ஒரு நிமிஷம்கூட இல்லாத காட்சி, ஆனால் முக்கியமானது. ஒடெஸா பெரிய யூத ஊர். மக்களின் கோபத்தை யூதர்கள் பக்கம் திருப்பிவிடுவது ஜார் ஆதரவாளர்களின் பழைய தந்திரம், அதே 1905 அக்டோபரில் ஒடெஸாவில் நடந்த வெறியாட்டத்தில் நூற்றுக்கணக்கான யூதர்கள் கொல்லப்பட்டார்கள். படம் காட்டும் கூட்டம் அந்தப் பேச்சை அங்கேயே நசுக்குகிறது, உண்மையான ஒடெஸாவில் சில மாதம் கழித்து அது நடக்கவில்லை. மக்கள் எப்படி இருந்திருக்க வேண்டும் என்று ஐசன்ஸ்டீன் விரும்பினாரோ அப்படிக் காட்டியிருக்கிறார். அவருடைய அப்பாவழிக் குடும்பமும் யூத வேர் கொண்டது.

படிக்கட்டுப் படுகொலை உண்மையில் நடந்ததா?

நாம் பார்க்கும் வடிவத்தில், பட்டப்பகலில், அந்தப் படிகளில் நடக்கவில்லை. ஆனால் 'எல்லாம் கட்டுக்கதை' என்று முடிவு கட்டுவதும் தவறு. கலகம் நடந்தது புதிய நாள்காட்டிப்படி 1905 ஜூன் 27, கப்பல் ஒடெஸாவுக்கு வந்தபோது ஊரில் ஏற்கெனவே வேலைநிறுத்தமும் மோதலும் நடந்துகொண்டிருந்தன. மறுநாள் இரவு துறைமுகப் பகுதியைப் படைகள் சுற்றிவளைத்துச் சுட்டன. செத்தவர்கள் ஆயிரத்தைத் தாண்டுவார்கள் என்ற மதிப்பீடுகள் உண்டு. அந்த இரவையும் அந்த வருஷம் பல ஊர்களில் நடந்த துப்பாக்கிச்சூடுகளையும் சேர்த்து ஒரே படிக்கட்டில் இறக்கிவைத்தார் ஐசன்ஸ்டீன். இப்போது 192 படிகள் கொண்ட அந்தப் படிக்கட்டுக்கே பிற்பாடு பொட்டெம்கின் பெயர் வந்துவிட்டது.

எதைச் சேர்த்தார் என்பதைவிட எதை விட்டார் என்பதுதான் என்னை உறுத்துகிறது. அந்த இரவு துறைமுகத்தில் சரக்குக் கிடங்குகள் கொள்ளையடிக்கப்பட்டன, சாராயப் பீப்பாய்கள் உடைக்கப்பட்டன, தீ பரவியது, குடிபோதையில் இருந்தவர்கள் பலர் தீயிலும் குண்டிலும் மாட்டிச் செத்தார்கள். படத்தின் கூட்டம் சுத்தமானது. குடிக்காது, திருடாது, அழும், கையசைக்கும், முஷ்டி மடக்கும். பட்டினியில் கிடந்தவன் கிடங்கை உடைத்தான் என்பதைக் காட்டியிருந்தால் புரட்சி கெட்டுப்போயிருக்காது. ஏழை குற்றமற்றவனாக இருந்தால்தான் அவன் சாவுக்கு அழுவோம் என்ற நினைப்பு அதில் இருக்கிறது, அந்த நினைப்பு இடதுசாரிப் படங்களை ரொம்ப காலம் விடவில்லை.

கப்பலிலிருந்து பீரங்கி சுட்டது உண்மை. படத்தில் குண்டுகள் தளபதிகள் இருக்கும் தியேட்டர் கட்டடத்தைத் தாக்கும். நிஜத்தில் குறி தவறியது.

படம் முடிந்தபிறகு அந்த மாலுமிகளுக்கு என்ன ஆயிற்று?

எதிரே வந்த கப்பற்படை சுடவில்லை என்பது நடந்ததுதான். கியோர்கி பொபெதொனோசெத்ஸ் என்ற இன்னொரு கப்பல் கலகத்தில் சேரவும் செய்தது, ஆனால் அடுத்த நாளே பின்வாங்கிவிட்டது. பொட்டெம்கின் நிலக்கரிக்கும் தண்ணீருக்கும் அலைந்து, கடைசியில் ஜூலை 8 அன்று ருமேனியாவின் கான்ஸ்டன்சா துறைமுகத்தில் சரணடைந்தது. மத்யுஷென்கோ 1907-இல் ரஷ்யாவுக்குத் திரும்பியபோது பிடிபட்டுத் தூக்கிலிடப்பட்டார். கப்பலின் பெயரையே மாற்றிவிட்டார்கள். படம் இதில் எதையும் சொல்லாமல், கொடி பறக்க நம்மை நோக்கி வரும் கப்பல் முகப்போடு முடிகிறது. தோற்ற கலகத்தை ஜெயித்த தருணத்தில் நிறுத்துவது பொய்யா என்று கேட்டால், நான் பொய் என்று சொல்லமாட்டேன். 1925-இல் தியேட்டரில் இருந்தவர்களுக்குப் புரட்சி ஜெயித்த 1917 தெரியும்.

ஆரம்பத்தில் வரும் மேற்கோள் சில பிரதிகளில் ட்ராட்ஸ்கி, சிலவற்றில் லெனின். ஏன்?

முதலில் இருந்தது, 1917 புரட்சித் தலைவர்களில் ஒருவரான ட்ராட்ஸ்கிதான். தனிமனிதன் கூட்டத்தில் கரைந்தான், கூட்டம் எழுச்சியில் கரைந்தது என்ற பொருளில் 1905 பற்றி அவர் எழுதிய வரிகள். ட்ராட்ஸ்கி கட்சியிலிருந்து தூக்கியெறியப்பட்டபிறகு அதை எடுத்துவிட்டு, புரட்சி ஒன்றே நியாயமான போர் என்ற லெனின் வரிகளைப் போட்டார்கள். 2005-இல் ஜெர்மனியில் செய்த மீட்டெடுப்பில் ட்ராட்ஸ்கி திரும்ப வந்தார்.

இதோடு சேர்த்து எப்போதும் சொல்லப்படாத ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1921 மார்ச்சில் க்ரோன்ஸ்டாட் கடற்படைத் தளத்து மாலுமிகள் போல்ஷெவிக் அரசுக்கு எதிராகவே கிளர்ந்தார்கள். சோவியத்துகளுக்கு, அதாவது தொழிலாளர், சிப்பாய் மன்றங்களுக்கு, சுதந்திரமான தேர்தல் வேண்டும் என்பது அவர்கள் கேட்டவற்றில் ஒன்று. உறைந்த கடல்மேல் செஞ்சேனையை அனுப்பி அதை நசுக்கினார்கள், அப்போது ராணுவத்துறைக்குப் பொறுப்பு ட்ராட்ஸ்கி. நாலே வருஷம் கழித்து அதே அரசு மாலுமிக் கலகத்தைப் போற்றும் படத்தை எடுத்துப் போல்ஷாயில் திரையிடுகிறது. சகோதரர்களே, யாரைச் சுடுகிறீர்கள் என்ற கேள்வியைக் க்ரோன்ஸ்டாட்டிலிருந்து உயிர்தப்பிய ஒருவர் அந்தத் திரையில் படித்திருந்தால் அவருக்கு என்ன இருந்திருக்கும்? படத்தின் நேர்மையை இது குறைக்கிறது என்று நான் நினைக்கவில்லை, ஆனால் அதைப் பயன்படுத்திக்கொண்ட அரசைப் பற்றி நிறையச் சொல்கிறது. பின்னாளில் ஐசன்ஸ்டீனையும் அது விட்டுவைக்கவில்லை. வடிவத்தில் மோகம் என்று குற்றம் சாட்டினார்கள், 1937-இல் ஒரு படத்தைப் பாதியிலேயே நிறுத்தினார்கள்.

மாண்டேஜ் என்பது எடிட்டிங் உத்தி. அதற்கும் சித்தாந்தத்துக்கும் என்ன சம்பந்தம்?

ஐசன்ஸ்டீனுக்கு இரண்டும் ஒன்று. ஒரு ஷாட்டும் இன்னொரு ஷாட்டும் மோதி, இரண்டிலும் இல்லாத மூன்றாவது அர்த்தம் பிறக்க வேண்டும், முரண்பாட்டிலிருந்துதான் எதுவும் நகரும் என்ற மார்க்சியக் கருத்தை ஃபிலிம் துண்டில் செய்துபார்த்தார். படிக்கட்டில் வேகமாக இறங்கும் கூட்டத்தை எதிர்த்து மெதுவாக ஏறும் தாய், ஒழுங்கான பூட்ஸ் வரிசைக்கு எதிராகக் கலைந்த உடல்கள். கப்பல் பீரங்கி முழங்கியதும் மூன்று கல்சிங்கங்கள் வரும்: தூங்குவது, விழிப்பது, எழுந்து நிற்பது. கிரிமியாவில் அலுப்கா அரண்மனைப் படிகளில் இருக்கும் மூன்று தனித்தனிச் சிலைகள் அவை. வேகமாக ஒட்டியதும் கல்லே கொதித்து எழுந்தமாதிரி ஆகிவிடுகிறது. சிவப்புக் கொடியும் அப்படித்தான். அந்தக் கால ஃபிலிமில் சிவப்பு கறுப்பாக விழும் என்பதால் வெள்ளைக் கொடியை எடுத்து, ஒவ்வொரு ஃபிரேமாகக் கையால் சிவப்புத் தீட்டினார்கள்.

எங்கெல்லாம் தடை செய்தார்கள்? கோயபல்ஸ் பாராட்டினார் என்பது நிஜமா?

ஜெர்மனியில் 1926-இல் முதலில் தடை, பிறகு வெட்டுகளோடு அனுமதி. ராணுவத்தினர் பார்க்கக்கூடாது என்று தனி உத்தரவு. எட்மண்ட் மைசல் இசையமைத்த அந்தப் பெர்லின் காட்சிகள்தான் படத்துக்கு உலகப் புகழ் வாங்கிக்கொடுத்தன. பிரிட்டனில் 1954 வரைக்கும் பொதுத் திரையிடலுக்கு அனுமதியில்லை. ஃபிலிம் சங்கங்கள் வழியாகத்தான் ஊர் ஊராகப் பரவியது. 1947-இல் சத்யஜித் ராயும் நண்பர்களும் தொடங்கிய கல்கத்தா ஃபிலிம் சொசைட்டி முதலில் திரையிட்ட படமும் இதுதான்.

நாஜிப் பிரசார அமைச்சர் கோயபல்ஸ் பாராட்டியது நிஜம். 1933 மார்ச்சில் ஜெர்மன் திரைத்துறையினர் முன்னால் பேசும்போது, உறுதியான கொள்கை இல்லாதவன் இதைப் பார்த்தால் போல்ஷெவிக் ஆகிவிடுவான் என்று சொல்லி, நமக்கும் இப்படிப் படம் வேண்டும் என்றார். ஐசன்ஸ்டீன் கொதித்துப்போய் அவருக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார், உண்மையும் நாஜிசமும் சேராது, அங்கே இப்படிக் கலை பிறக்காது என்ற வாதத்தோடு. உத்தியை யாரும் திருடலாம் என்பது என்னவோ சரிதான். ஆனால் சிப்பாயைப் பார்த்து உத்தரவை மீறு என்று சொல்லும் படத்தை கோயபல்ஸால் எடுத்திருக்கவே முடியாது.

இது ரஷ்யப் படமா, உக்ரைன் கதையா?

சோவியத் ரஷ்ய ஸ்டூடியோவின் படம், உக்ரைன் மண்ணில் நடந்த கதை. வகுலின்சுக் ஜிதோமிர் பக்கத்துக்காரர், மத்யுஷென்கோ கார்கிவ் பக்கம், மாலுமிகளில் உக்ரைன் கிராமத்துப் பிள்ளைகள் நிறைய. படத்தில் இது தெரியாது, வர்க்கம் மட்டும்தான் தெரியும். தேசிய இனம் என்ற கேள்வியே எழாதபடி எல்லோரையும் 'மாலுமி', 'தொழிலாளி' என்று ஆக்கிவிடுகிறது. இன்றைக்கு ஒடெஸாவிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அந்த மௌனம் உறைக்காமல் இருக்காது.

எந்தப் பிரதியைப் பார்க்கலாம்?

2005 மீட்டெடுப்பு, மைசல் இசையோடு. வெட்டப்பட்ட ஷாட்கள், பழைய வாசகங்கள், கையால் தீட்டிய கொடி எல்லாம் அதில் இருக்கின்றன. 1976-இல் சோவியத் இசையமைப்பாளர் ஷோஸ்தகோவிச்சின் சிம்பொனிகளைச் சேர்த்து வெளியிட்ட சோவியத் பிரதியும் இணையத்தில் எளிதாகக் கிடைக்கும், இசை பிரமாதம், ஆனால் படத்துக்கென்று எழுதியது இல்லை. படிக்கட்டுக் காட்சியை மட்டும் தனியாகப் பார்த்துவிட்டுப் படத்தைப் பார்த்தாயிற்று என்று இருந்துவிடாதீர்கள். அதற்கு முன்பு வரும் துறைமுக மூடுபனியும், கூட்டம் சேர்வதும், படகுகள் பாய்விரித்துக் கப்பலுக்குப் போவதும் இல்லாமல் படிக்கட்டில் யார் சாகிறார்கள் என்பதே தெரியாது. மௌனப் படம் பழக்கமில்லாதவர்களுக்கு முதல் சில நிமிஷம் கொஞ்சம் விலகியே இருக்கும், இறைச்சிக் காட்சி வரைக்கும் பொறுத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது முறை பார்க்கும்போது மேல்தளத்துக் காவல் சிப்பாய்களை மட்டும் கவனியுங்கள், முதல் தடவை கண்ணில் படாதது நிறைய அங்கே இருக்கிறது.